உங்களுக்குத் தெரியுமா? செங்கல் நிறத்தில் நுரையீரல்

இங்கிலாந்தின் கம்பர்லாண்ட் பகுதியில் ஹேமடைட் இரும்புத் தாது வெட்டிய தொழிலாளர்களின் உடற்கூறாய்வில், நுரையீரல் செங்கல் நிறமாக இருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். பல்லாண்டுகள் சுவாசித்த தாதுத்தூள்தான் அப்படிப் படிந்திருந்தது.

அந்தச் செந்தூளைவிடக் கொடியது, பாறையைத் துளைக்கும்போது கூடவே பறக்கும் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகள்கள் மூக்கைத் தாண்டி நுரையீரலின் காற்றறைகள்வரை போய்த் தங்குகின்றன. திசு தழும்பாகி இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்தில்லை. காசநோய்க்கும் அது வழிவிடுகிறது.

நிலத்தடியில் ரேடான் வாயுவும் சேர்ந்துகொள்ளும். அத்தகைய ஹேமடைட் சுரங்க வேலையைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

தண்ணீர் பாய்ச்சித் துளையிட்டாலே தூசி பெருமளவு அடங்கும். முகக்கவசத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் கட்டுவது அநியாயம்.