இரும்பு இன்ஜினா, இப்போதைய புல்லட்டா?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நின்று பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை எட்டிப் பிடிக்கும் தொலைவில் இருப்பதாகத் தோன்றினாலும், செங்கோட்டை வட்டாரத்துக்கு வடக்கே குமுளி வரை அம்மலையைக் குறுக்கே கடக்கும் மோட்டார் சாலை இல்லாததால், இவ்விரு ஊர்களிலிருந்தும் கேரளத்துக்கு இருசக்கர வாகனத்தில் செல்வோர் சமவெளியில் நெடுந்தூரம் ஓடிய பிறகே மலையேற முடிகிறது. தெற்கு வழியில் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று தென்காசி சேர்ந்து, செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் நுழைய வேண்டும். வடக்கு வழியிலோ உசிலம்பட்டி, தேனி, போடி என்று சுற்றி, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மூணாற்றை அடைய வேண்டும். லாரிகளுக்கு நடுவே மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடுவது, பிறகு வளைவுக்கு வளைவு கியர் மாற்றி ஏறி இறங்குவது என்ற இருவேறு உழைப்பையும் ஒரே வண்டி தாங்குமா என்பதுதான், பயணத்துக்கென்று செகண்ட் ஹேண்ட் வண்டி தேடுவோர் விலைக்கு முன்பாகக் கேட்க வேண்டியது.

இந்தத் தேடல் பெரும்பாலும் புல்லட்டில் வந்து நிற்கிறது. மைசூரில் 1996 வரை தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளும், யமஹா ஆர்எக்ஸ் 100-உம் இன்று விரும்பிச் சேர்க்கப்படுகின்றன என்றாலும், பெட்ரோலோடு எண்ணெய் கலந்து எரிக்கும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களாகிய அவற்றை நெடும்பயணத்துக்குப் பரிந்துரைப்பது கடினம். ஆர்எக்ஸ் 100-க்கு இப்போது கேட்கப்படும் விலை வண்டிக்கானதன்று, இளமை நினைவுக்கானது. புல்லட்டின் கதை வேறு. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் அவ்வண்டியை உருவாக்கத் தொடங்கியது. தாய் நிறுவனம் 1970வாக்கில் மூடப்பட்ட பின்னும், ஏறத்தாழ அதே அடிப்படை அமைப்புடைய 346 சிசி இன்ஜின் தொடர்ந்து வெளிவந்து, இங்கே மொத்தம் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனதால் ‘காஸ்ட் அயர்ன்’ என்றும், பேச்சுவழக்கில் ‘இரும்பு இன்ஜின்’ என்றும் அது அழைக்கப்படுகிறது. அதற்குப் பதிலாக 2009 முதல் பரவிய யு.சி.இ. என்பது, இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய அமைப்பு. 2020 இறுதியில் மீட்டியர் வண்டியோடு அறிமுகமாகி, மறு ஆண்டு கிளாசிக்குக்கும் வந்த 349 சிசி ‘ஜே’ வரிசை இன்ஜினில் அதிர்வைக் குறைக்கும் சமன்தண்டும் சேர்ந்தது.

இரும்பு இன்ஜினைக் கிளப்புவதே ஒரு பயிற்சி. சாவியைத் திருப்பி, ஹெட்லைட் கூட்டின் மேலுள்ள ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிலிண்டருக்குள் இறுகிய காற்றை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் நெம்புகோலைப் பிடித்தபடி இன்னும் சிறிது தள்ளி, நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன்பிறகே முழு எடையோடு ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் சரிசெய்யப்படாமல் அது முந்தி விழுந்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். வீட்டு வாசலில் இது ஓர் அழகான சடங்குதான். பின்னால் அரசுப் பேருந்து ஒலியெழுப்பிக் காத்திருக்க, கொண்டை ஊசி வளைவின் நடுவே அணைந்துபோன வண்டியில் அதையே செய்ய நேர்வதை யாரும் சடங்கென்று சொல்லமாட்டார்கள். பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பின் பிரேக் இடக்காலிலும் இருப்பதால், மற்ற வண்டிகளில் பழகியவரின் கால், அவசரத்தில் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதிக்கிறது.

பிரேக் பற்றிப் பேசும்போது சாரலையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும்தான் குற்றாலத்துக்குச் சீசனைத் தருகின்றன. பயணிகள் அதிகம் கிளம்புவதும் அப்போதுதான். டிரம் பிரேக்கின் உட்பட்டைகளில் ஈரம் ஏறினால் பிடிமானம் குறைகிறது; நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் குறைகிறது. பாயிண்ட் பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் இன்ஜின் விட்டுவிட்டு ஓடுகிறது. இதற்கு மாறாக, 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளிலும் 2019 ஏப்ரல் 1 முதல் ஏ.பி.எஸ்., அதாவது பிரேக் இறுகும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் அமைப்பு, கட்டாயமாக்கப்பட்டது. நனைந்த மலைச்சாலையில் இந்த ஒரு வேறுபாடு மற்ற எல்லா வாதங்களையும் விடக் கனமானது.

பழைய வண்டியின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், உண்டு. அது பட்டறையில் இருக்கிறது. நூற்பாலை நகரமான ராஜபாளையத்தில் லேத் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தேய்ந்த இரும்புச் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, ‘ஓவர்சைஸ்’ பிஸ்டன் பொருத்தும் ‘போர் போடுதல்’ இத்தகைய ஊர்களில் வழக்கமான வேலை. கார்புரேட்டரில் அடைப்பு என்றால் வழியோர மெக்கானிக் கழற்றி ஊதித் துடைத்து மாட்டிவிடுவார். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிகளுக்கு ஏற்ப வந்த வண்டிகளிலோ, எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் தெளிக்கும் அமைப்பு இருப்பதால், சென்சார் ஒன்று பழுதானால் கம்பெனி சர்வீஸ் நிலையம் வரை வண்டியை ஏற்றிச் செல்ல நேரலாம்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு குறுகிய காலம் இருக்கிறது. 2018 பிற்பகுதியிலிருந்து 2020 மார்ச்சுக்குள் பதிவான பி.எஸ். 4 கிளாசிக் 350 வண்டிகளில், தேடினால், ஏ.பி.எஸ்.ஸும் கார்புரேட்டரும் ஒருங்கே கிடைக்கின்றன. செல்ஃப் ஸ்டார்ட்டும் ஐந்து கியரும் உண்டு. இப்பகுதிச் சாலைகளுக்கு இதுவே மிகப் பொருத்தமான தேர்வு எனலாம். ஒரு குறை: 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலுக்கென்று அவை வடிவமைக்கப்படவில்லை. எத்தனால் ஈரத்தை இழுப்பதோடு பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும் என்பதால், பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டர் வளையங்களையும் மாற்றிவிட்டு, வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதிருப்பது நல்லது. இரும்பு இன்ஜினுக்கு இந்தத் தொல்லை இன்னும் கூடுதல்.

சட்டத்திலும் ஒரு முரண் உண்டு. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டியையே ‘விண்டேஜ்’ என்று ஏற்று, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் தனி எண் வரிசை தருகின்றன. ஆனால் அந்த எண் பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கன்றி வழக்கமாகச் சாலையில் ஓட்டக் கூடாது. ஆகவே பழைய புல்லட்டில் ஊர் சுற்ற நினைப்பவர் அந்தப் பெருமையை விட்டுவிட்டு, 15 ஆண்டுகள் முடிந்த சாதாரண ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதே வழி.

வாங்கும் நாளில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்ப்பது அவசியம். விற்பவர் முன்கூட்டியே கிளப்பிச் சூடேற்றி வைத்திருந்தால், குளிரில் மட்டும் தெரியும் குறைகள் மறைந்துவிடும். சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது என்றும், செலவு காத்திருக்கிறது என்றும் பொருள். பழைய புல்லட்டுகளில் இன்ஜின் மாற்றிப் பொருத்துவது சாதாரணம் என்பதால், இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்று கண்ணால் பார்க்காமல், பழைய வண்டி விற்றுத்தரும் கன்சல்டிங்காரரிடம் முன்பணம் கொடுக்கலாகாது. கேரளப் பதிவு வண்டி விலை குறைவு என்று செங்கோட்டைக்கு அப்பால் போய் வாங்குவோரும் இருக்கிறார்கள். அதற்கு அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, இங்கே சாலை வரி கட்டி, புதிய எண்ணும் வாங்க வேண்டியிருப்பதால், அந்தச் செலவையும் அலைச்சலையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே பேரத்தில் இறங்க வேண்டும்.