கழுகின் வாயில் ஒரு மீன்: லூர்து நகரின் சின்னம் சொல்லும் கதை

லூர்து என்னும் பெயரை நீங்கள் அறிவீர்கள். லூர்துசாமி, லூர்துமேரி என்று நம் கிறிஸ்தவ அண்டை வீட்டார் தம் மக்களுக்குச் சூட்டும் பெயர் அது. பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில், 15,000 மக்கள்கூட இல்லாத சிறு நகரமே லூர்து. 1858ஆம் ஆண்டு பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி, அங்குள்ள குகையில் அன்னை மர்யம் தமக்குக் காட்சி தந்ததாகக் கூறினார். அதன்பின் அவ்வூர் கத்தோலிக்கர்களின் பெரும் யாத்திரைத் தலமாயிற்று.

ஆனால் அந்நகரின் மரபுச் சின்னத்தைப் பாருங்கள். அதில் குகையைக் காணமாட்டீர்கள். சிவப்புப் பின்னணியில், வெண்ணிறப் பாறைமீது மூன்று பொன்னிறக் கோபுரங்கள் நிற்கின்றன. நடுக்கோபுரத்தின் உச்சியில் கருங்கழுகு ஒன்று சிறகு விரித்திருக்கிறது. அதன் அலகில் ஒரு வெள்ளி மீன்! இந்தக் கழுகுக்கும் மீனுக்கும் பின்னால் இருப்பது ஒரு முஸ்லிம் தளபதியின் கதை என்றால் வியப்படைவீர்கள்.

கதை இதுதான்: கி.பி. 778இல் மீராத் என்னும் முஸ்லிம் தளபதி லூர்துக் கோட்டையைக் காத்து நின்றார். பிராங்கியர்களின் மன்னர் சார்லமேன் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே உணவு தீர்ந்துகொண்டிருந்தது. அவ்வேளையில் ஒரு கழுகு தான் கவ்வி வந்த மீனைக் கோட்டைக்குள் நழுவவிட்டது. மீராத் அதனை உண்ணாமல், “எங்களிடம் உணவுக்குக் குறைவில்லை” என்று காட்ட, மன்னருக்கே அனுப்பிவைத்தார். மனம் தளர்ந்த மன்னர் முற்றுகையைக் கைவிட எண்ணினார். அப்போது பாதிரியார் ஒருவர் தூது சென்று, மன்னருக்கு அன்றி அன்னை மர்யமுக்கே பணியுமாறு மீராத்தை இணங்கவைத்தாராம். மீராத் மதம் மாறி லோருஸ் என்று பெயர் பெற, அதுவே ஊரின் பெயராயிற்றாம்.

வாசகர்களே, வரலாறு என்ன சொல்கிறது? அப்படையெடுப்பைப் பதிவு செய்த பிராங்கிய அரசவைக் குறிப்புகளில் லூர்து முற்றுகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரான்சின் தென்கடற்கரைப் பகுதியில் முஸ்லிம்களின் தலைநகராயிருந்த நார்போன், 759ஆம் ஆண்டிலேயே அவர்கள் கையைவிட்டுப் போயிருந்தது.

778ஆம் ஆண்டுப் (ஹிஜ்ரி 161) படையெடுப்பும் வெறும் மதப்போராக இருக்கவில்லை. கொர்தோவாவின் அமீர் முதலாம் அப்துர் ரஹ்மானுடன் பகை கொண்ட சுலைமான் அல்அரபி என்னும் முஸ்லிம் ஆளுநரே, முந்தைய ஆண்டு நேரில் சென்று சார்லமேனை அழைத்தவர். ஆயினும் சரகோசா நகரம் மன்னருக்கு வாயில் திறக்கவில்லை. திரும்பும் வழியில், மலைக்கணவாயில் அவருடைய பின்படை அழிந்தது. அழித்தவர்கள் பாஸ்கு இனத்தவர் என்று மன்னரின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் குறிக்கிறார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப்பின் எழுந்த ‘ரோலந்தின் பாடல்’ என்னும் காவியமோ, அப்பழியை முஸ்லிம்கள்மீது சுமத்திவிட்டது! அதே சார்லமேனுக்குப் பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீத் ஒரு யானையைப் பரிசாக அனுப்பினார் என்பதையும் வரலாறு மறக்கவில்லை.

மேலும், ஐரோப்பாவில் இத்தகைய மரபுச் சின்னங்கள் தோன்றியதே 12ஆம் நூற்றாண்டில்தான். எனவே லூர்தின் கழுகு அந்த முற்றுகையைக் கண்ட சாட்சி அன்று. பிற்காலத்தார் சொன்ன கதையின் சித்திரம்.

அந்தக் கோட்டை இன்றும் பாறைமீது நிற்கிறது. ஒரு காலத்தில் சிறைச்சாலையாக இருந்த அது, 1921 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

கதையைக் கேட்டுச் சினங்கொள்ள வேண்டியதில்லை. அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. கதை கட்டியவர்கள்கூட மீராத்தைக் கோழையாகக் காட்டவில்லை. பசியிலும் மதி இழக்காத வீரராகவே காட்டினர். நம் ஊர்களிலும் கொடிகளைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியும் எத்தனையோ கதைகள் வழங்குகின்றன. அவற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கூடவே, “இது எப்போது எழுதப்பட்டது? எழுதியவர் யார்?” என்று கேட்கவும் கற்றுக்கொடுங்கள்.