இல்லாத கை வலிக்குமா?



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஷெல் வீச்சிலும் மிதிவெடியிலும் கை, கால் இழந்தவர்கள் பலர். போர் 2009இல் ஓய்ந்த பின்னும் முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கையிழந்த ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், "இல்லாத கை வலிக்கிறது, விரல்கள் இறுகிக் கிடக்கின்றன" என்று அவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலர் அதை வெறும் பிரமை என்பார்கள். சிலர் ஜின்னின் வேலை என்று நூல் கட்ட ஓடுவார்கள். இரண்டும் தவறு. அந்த வலி மெய்யானது.

உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. வலக்கைக்கு இடப்பக்க மூளையில், இடக்கைக்கு வலப்பக்கத்தில். 1930களில் கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி இதை வரைபடமாக்கினார். அகன்ற முதுகுக்குச் சிறிய இடம். சின்னஞ்சிறு விரல்களுக்கோ பெரிய இடம்!

1990களில், மண்டையைத் திறக்காமலே இதைப் பார்க்கும் வழி பிறந்தது. விரலை மடக்கினாலோ, விரலைப் பிறர் தடவினாலோ மூளையில் அதற்குரிய பகுதிக்கு ஒட்சிசன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். எம்.ஆர்.ஐ. காந்தக் கருவி அதைப் படமாகக் காட்டும். கையிழந்தவர் இல்லாத கையை அசைக்க முயன்றபோதும், கைக்குரிய அதே பகுதி படத்தில் தெரிந்தது! கை போனது, மூளையில் அதன் இடம் போகவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் ஓர் எளிய வழி கண்டார். மேசையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, நல்ல கையை அதன் முன்னும் இழந்த பக்கத்தைப் பின்னும் மறைத்து வைக்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்தபடி நல்ல கையை மெல்ல விரித்து மடக்கினால், இழந்த கையே அசைவதுபோலத் தோன்றும். சிலருக்கு இறுக்கம் தளர்ந்து வலி குறைகிறது, எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆகவே முதலில் வைத்தியரிடம் காட்டி, அவர் சொற்படி செய்யுங்கள்.

மருந்து செய்வது தவக்குலுக்கு முரணல்ல. நோய்க்கு மருந்து செய்யும்படி நபி (ஸல்) அவர்களே ஏவியுள்ளார்கள். துஆவும் கேளுங்கள், வைத்தியமும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன், வலிக்கிறது என்பவரை நம்புங்கள். அவரைப் பைத்தியம் என்று பழிக்காதீர்கள். அல்கியாமா அத்தியாயத்தில் விரல் நுனிகளையும் மீள அமைக்கும் தன் வல்லமையை எடுத்துரைக்கும் அல்லாஹ், அவர்களுக்குச் சுகத்தையும் நமக்குப் பொறுமையையும் தருவானாக! ஆமீன்.