‘ஃபார்மட்’டுக்குத் தலையாட்டும் முன்...

“ஃபார்மட் பண்ணிடலாமா சார்?”

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. அப்கிரேடு பாதியில் நின்று கறுப்புத் திரை காட்டும் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்தவர், ‘எப்படியாவது ஆன் ஆனால் போதும்’ என்ற தவிப்பில் இருப்பார். யோசிக்காமல் தலையாட்டிவிடுவார். கல்யாண ஆல்பமும் கடைக் கணக்கும் பறிபோவது பெரும்பாலும் அந்தத் தலையாட்டலில்தான், அப்கிரேடில் அல்ல.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதையொட்டிப் பலரும் விண்டோஸ் 11-க்குத் தாவப் பார்க்கிறார்கள். அதற்கோ டி.பி.எம். 2.0 பாதுகாப்பு சிப், 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். தகுதி இல்லாத மெஷின்களில் குறுக்குவழியில் ஏற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால், கோர் 2 டூவோ காலத்து மெஷினில் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது. அதற்குத் தேவையான சில கட்டளைகள் அந்த பிராசஸரிலேயே கிடையாது.

பழையது எங்கே போகிறது?

அப்கிரேடு, பழைய விண்டோஸை எடுத்த எடுப்பில் அழிப்பதில்லை. ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் புதியதை ஏற்றுகிறது. நடுவில் இடறினால், பெரும்பாலும் தானாகவே பழையதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அப்கிரேடு முடிந்து, பிடிக்காமல் போனாலும் 10 நாள்களுக்குள் செட்டிங்ஸில் ‘கோ பேக்’ கொடுத்துத் திரும்பலாம். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று டிஸ்க் கிளீனப்பில் அந்த ஃபோல்டரை அழித்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

பழைய ஹார்டு டிஸ்க்கில் இந்த வேலை மணிக்கணக்கில் இழுக்கும். திரையில் சதவீதம் நகரவில்லையே என்று பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். முன்பக்கத்தில் உள்ள ஹார்டு டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அது சிமிட்டிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். மணிக்கணக்கில் அசைவே இல்லை என்றால் மட்டும் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணைத்துவிட்டு, மறுபடி ஆன் செய்யலாம்.

முதலில் ஃபைல், பிறகு ரிப்பேர்

தொடர்ந்து சில முறை பூட் ஆகாமல் போனால், விண்டோஸ் தானாகவே நீல நிற ரிப்பேர் திரைக்கு வந்துவிடும். அங்கே ‘ரீசெட்’ கண்ணில் படும், தொட வேண்டாம். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாக ‘கமாண்ட் பிராம்ப்ட்’ போய், நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். நோட்பேடில் ‘ஃபைல் – ஓபன்’ கொடுத்து, ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அந்தச் சின்னப் பெட்டியில் தெரியும். ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, பென்டிரைவில் பேஸ்ட் செய்துகொள்ளலாம். சி டிரைவ் அங்கே வேறு எழுத்தில் தெரியலாம், பதற வேண்டாம். காப்பி ஆகும்போது திரை உறைந்ததுபோல் நிற்கும், காத்திருங்கள்.

இந்தத் திரையே வரவில்லையா? வேறு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து அதிலிருந்து பூட் செய்யலாம். டிஸ்க்கில் எதையும் நிறுவாமலே ஃபைல்களை வெளியே எடுத்துவிடலாம். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் உள்ளே போக முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று போனிலேயே பார்க்கலாம்.

‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ எடுத்தால் போதும் என்று நின்றுவிடாதீர்கள். டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா பல நேரம் வேறு ஃபோல்டரில் இருக்கும். டி.டி.பி. வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள், அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துவையுங்கள்.

ஏன் விழுந்தது?

ஃபைல்கள் கைக்கு வந்தபின் காரணத்தைத் தேடலாம். பிழை எண் 80070070 என்று முடிந்தால் டிஸ்க்கில் இடம் போதவில்லை. 1900101 என்று வந்தால் பெரும்பாலும் டிரைவர் தகராறு. பிரின்டர், டாங்கிள் என வெளியே செருகிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயலலாம். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போகிறதா? மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதோடு பயாஸ் செட்டிங்கும் மறந்துபோவதால், சில மெஷின்கள் எந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆவது என்று தெரியாமல் நிற்கும். சில பத்து ரூபாய் பேட்டரியில் தீருகிற பிரச்னை அது.

டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அப்கிரேடு பல ஜி.பி.களை ஒரே மூச்சில் எழுதுவதால், ஏற்கெனவே நைந்துபோன டிஸ்க் அந்த நேரத்தில்தான் கைவிரிக்கும். அதன்மேல் டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓட்டுவது நிலைமையை இன்னும் மோசமாக்கலாம். முக்கியமான டேட்டா என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுப்பதே நல்லது.

இனி எதைப் போடுவது?

விண்டோஸ் 10-லேயே தொடர விரும்புகிறவர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்கு 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். பிரவுசர், யூடியூப், கடிதம் டைப் செய்வது மட்டும்தான் வேலை என்றால், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு 4 ஜி.பி. ராம் மெஷினில் தாராளமாக ஓடும். டேலியும் பழைய டி.டி.பி. மென்பொருளும்தான் பிழைப்பு என்றால், விண்டோஸை விட்டு நகராதீர்கள். எதைப் போட்டாலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டுவது செலவுக்கு ஏற்ற பலன் தரும்.

கழற்றிய டிஸ்க்கைக் கடையில் விட்டுவராமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்க மறந்த ஃபைல் ஏதாவது நினைவுக்கு வந்தால், ஒரு யு.எஸ்.பி. கேஸில் போட்டு அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.