லீவுப் பயணம்: போவோமா, நிற்போமா?



சித்திரை லீவும் ஆகஸ்ட் லீவும் கிட்ட வரும்போது லயத்துக்கு லயம் ஒரே பேச்சுத்தான். "கதிர்காமத்துக்கு நேர்த்தி இருக்கு, போகணும்" என்பார் ஒருவர். "பிள்ளைகளுக்கு ஒருக்காவாவது கடலைக் காட்டணும்" என்பார் இன்னொருவர். அடுத்த காம்பராவில் இருந்து, "சாமான் விலை இருக்கிற இருப்புக்குப் பயணம் ஒரு கேடா? நாடு எப்ப எப்படி மாறும்னு யாருக்குத் தெரியும்?" என்று பதில் வரும். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆகவே, நிலைமை நிச்சயமில்லாத காலத்தில் ஒரு குடும்பம் பயணத்தைப் பற்றி எப்படித் தீர்மானிக்கலாம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பயணம் போவது ஆடம்பரம் அல்ல. விடியப் பிரட்டுக்குப் போய், மழையிலும் வெயிலிலும் மலையில் நின்று உழைப்பவர்களுக்கு வருசத்தில் இரண்டு மூன்று நாள் மாற்றம் தேவை. பத்தாம் வகுப்பு படித்தும் கடலைக் கண்ணால் காணாத பிள்ளைகள் நம் லயங்களில் இருக்கிறார்கள். "தோட்டத்து ஆட்களுக்கு எதுக்கு டூர்?" என்று கேட்பவர்களுக்கு நாம் காது கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று நாள் பயணத்துக்காக மூன்று வருசம் கடன் கட்டுவதும் சரியல்ல.

காலம் கெட்டால் என்ன நடக்கும்?

நாம் எல்லோரும் கண்ட விசயங்களையே நினைத்துப் பாருங்கள்.

2022 ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. அதே வருசம் ஜூன் 26 ஆம் திகதி அது 460 ரூபா. மார்ச் தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த குறைந்த பஸ் கட்டணம் ஜூலை 1 ஆம் திகதி 40 ரூபா ஆனது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று நிறுத்தினார்கள். மார்ச் மாதம் வேன் பேசி, ஆகஸ்ட் பயணத்துக்குக் கணக்குப் போட்டவர்களின் கணக்கு என்னவாகியிருக்கும்?

அதே 2022 ஏப்ரல் 2 ஆம் திகதி மாலை தொடங்கி 4 ஆம் திகதி காலை வரை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம். மே 9 ஆம் திகதி மறுபடியும். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகள் வெடித்தபோது, சித்திரை லீவு முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் பலர். அன்றே ஊரடங்கு வந்தது. பாடசாலைகளின் இரண்டாம் தவணையும் பிந்தித்தான் தொடங்கியது. 2020 மார்ச் 20 ஆம் திகதி கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டபோது, கொழும்பில் கடைகளில் வேலை செய்த நம் பிள்ளைகள் வருசப்பிறப்புக்கு வீடு வர முடியாமல் அங்கேயே நின்றார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையக ரோடுகளும் ரயில் பாதையும் மண்சரிவால் உடைந்தன.

இவற்றில் இருந்து மூன்று விசயம் விளங்குகிறது. விலை ஏறுவது பெரும்பாலும் படிப்படியாக வரும். அதைப் பார்த்துத் திட்டத்தை மாற்ற நேரம் இருக்கும். ஊரடங்கு ஒரே நாளில் வரும். அதற்குக் கையில் ஆயத்தம் வேணும். மண்சரிவு மழையோடு வரும். அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறார்கள், அதைக் கேட்க வேணும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "காலம் சரியில்லை" என்று ஒரு வார்த்தையில் பயப்படத் தேவையில்லை.

1. எதற்காகப் போகிறோம்?

இதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். சுகமில்லாத தாயைப் பார்க்கப் போவது தள்ளிப் போட முடியாத பயணம். நேர்த்தியை அடுத்த வருசம் நிறைவேற்றலாம், சாமி கோவிக்காது. பிள்ளைகளின் சந்தோசத்துக்கான பயணத்தை இடம் மாற்றலாம், நாள் மாற்றலாம். எது எந்த வகை என்று தெரிந்தாலே பாதித் தீர்மானம் முடிந்துவிடும்.

பேசும்போது வீட்டு அம்மாவின் பேச்சுக்கும் இடம் கொடுங்கள். கொழுந்து எடுத்துச் சல்லி உழைப்பவர் அவர். அரிசி டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவரும் அவர்தான். ஐயாமார் நாலு பேர் கடைவாசலில் பேசி முடிவெடுத்துவிட்டு வீட்டில் வந்து சொல்வது தீர்மானம் அல்ல.

2. சல்லி எங்கிருந்து வருகிறது?

பயணச் செலவு என்றால் வேன் காசு மட்டும் அல்ல. சாப்பாடு, தங்குமிடம், அர்ச்சனை, பிள்ளைகள் கேட்கும் சாமான், இவற்றோடு வேலைக்குப் போகாத நாளின் சம்பளமும் சேர வேணும். இரண்டு பேர் வேலை செய்யும் வீட்டில் மூன்று வேலைநாள் போனால் செக்ரோலில் ஆறு பேர் விழாது. ஏப்ரல், மே கொழுந்து கூடும் காலம். அப்போது கூடுதல் கிலோவுக்கு வரும் காசும் போகும். வேலைக்கு வந்த நாள் கணக்கை வைத்துக் கிடைக்கும் கொடுப்பனவு குறையுமா என்றும் ஒபிஸில் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிறும் போயா நாளும் சேர்ந்து வரும் நாட்களைப் பார்த்துப் போனால் இந்த நட்டத்தைக் குறைக்கலாம்.

இனிச் சல்லியை மூன்றாகப் பிரித்து வையுங்கள். ஒன்று, அடுத்த சம்பளம் வரும் வரை அரிசி, மா, மருந்துச் செலவு. இரண்டு, லீவு முடிந்ததும் பிள்ளைகளுக்கு வேண்டிய கொப்பி, சப்பாத்து, பஸ் காசு. மூன்று, திடீர் வருத்தத்துக்கான கைக்காசு. இந்த மூன்றையும் எடுத்து வைத்தபின் மிஞ்சுவதுதான் பயணச் சல்லி. மிஞ்சாவிட்டால் இந்த முறை தூரப் பயணம் இல்லை என்று அர்த்தம்.

வட்டிக்கு வாங்கிப் பயணம் போகாதீர்கள். ஒரு கணக்குப் பாருங்கள். நூற்றுக்கு மாசம் பத்து வட்டியில் 20,000 ரூபா வாங்கினால் மாசம் 2,000 ரூபா வட்டி. முதலைக் கட்டாமல் வட்டியை மட்டும் கட்டி வந்தால் பத்தாம் மாசம் 20,000 ரூபா வட்டியாகவே போயிருக்கும். வாங்கிய 20,000 அப்படியே நிற்கும். விலை ஏறும் காலத்தில் இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் சாப்பாட்டுச் செலவும் அதே சம்பளத்தில்தான் கூடுகிறது. தாலிக்கொடியை அடகு வைப்பதும் இதே கதைதான். பண்டிகை முற்பணமும் கடன்தான், பின்னால் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு நல்ல வழி சீட்டு. பத்துக் குடும்பம் சேர்ந்து, நம்பிக்கையான ஒருவர் கையில் கணக்கு வைத்து, வருசம் முழுக்க மாசம் மாசம் சிறு தொகை போட்டு வந்தால் லீவு வரும்போது கடன் இல்லாமல் போகலாம்.

3. வேன் பேசும்போது

வேனைச் சேர்ந்து பிடிக்கும்போது சண்டை வருவது காசில்தான். ஒரு உதாரணம்: வேனுக்கு 60,000 ரூபா, ஆள் 12 என்றால் தலைக்கு 5,000. கடைசி நேரத்தில் நாலு பேர் விலகினால் மிச்ச எட்டுப் பேருக்குத் தலைக்கு 7,500. ஆகவே விலகுபவர் எவ்வளவு கட்ட வேணும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வேன்காரரிடம் நாலு விசயம் கேளுங்கள். டீசல் விலை ஏறினால் யார் பொறுப்பு? எண்ணெய் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? ஊரடங்கோ மண்சரிவோ வந்து பயணம் நின்றால் முற்பணம் திரும்பக் கிடைக்குமா? வழியில் ஒரு நாள் கூட நிற்க நேர்ந்தால் எவ்வளவு? பதிலை ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வையுங்கள். முற்பணத்தைக் குறைவாகக் கொடுங்கள். கைவிட்டுப் போனாலும் தாங்கக்கூடிய தொகையாக அது இருக்கட்டும். சாராயக் கணக்கைப் பயணக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று நாங்கள் சொன்னால் சில ஐயாமாருக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை, சொல்லத்தான் வேணும்.

4. இரண்டு திட்டம், ஒரு முடிவு நாள்

நிச்சயமில்லாத காலத்தில் ஒரே திட்டத்தைக் கட்டிப் பிடிக்கக் கூடாது. தூரத்துத் திட்டம் ஒன்று, கிட்டத்துத் திட்டம் ஒன்று என்று இரண்டு வையுங்கள். ஆகஸ்டில் நல்லூர் போக நினைத்தால், அது முடியாதபோது பஸ்ஸில் ஒரே நாளில் போய் வரக்கூடிய இடத்தையும் குறித்து வையுங்கள். பிள்ளைகளிடமும் இரண்டையும் சொல்லுங்கள். அப்போது ஏமாற்றம் பெரிதாக இருக்காது.

பயணத்துக்கு ஐந்து ஆறு நாள் முன்னால் ஒரு நாளை முடிவு நாள் என்று வையுங்கள். அன்றைக்குப் பார்க்க வேண்டியவை:

எண்ணெய் தடையில்லாமல் கிடைக்கிறதா? ரயில், பஸ் ஓடுகிறதா, வேலைநிறுத்த அறிவித்தல் உண்டா? போகும் பாதையில் மண்சரிவு எச்சரிக்கை உண்டா? வீட்டில் யாருக்கும் வருத்தம் உண்டா?

மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் இடத்தை விட்டு உடனே வெளியேற வேணும். இந்த நாலு கேள்வியில் ஒன்றுக்குக் கெட்ட பதில் வந்தாலும் கிட்டத்துத் திட்டத்துக்கு மாறிவிடுங்கள். லயத்தில் சொன்ன கதையையும் போனில் வந்த கதையையும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். வானொலிச் செய்தியைக் கேளுங்கள், ஸ்டேசனில் விசாரியுங்கள், 1919 என்ற அரசாங்கத் தகவல் இலக்கத்திலும் கேட்கலாம்.

5. திரும்பி வரும் வழி

போகும் வழியை எல்லோரும் யோசிப்பார்கள். திரும்பி வரும் வழியை யோசிப்பவர் குறைவு. தலைக்கு இரண்டு மடங்கு பஸ் காசைத் தனியாகக் கட்டி, குடும்பத்தில் பொறுப்பான ஒருவர் மடியில் வையுங்கள். வீட்டுப் படி மிதிக்கும் வரை அதைத் தொடக் கூடாது.

பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை கொண்டு போங்கள். யுத்த காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் சோதனைச் சாவடிகளில் நம் ஆட்கள் பட்ட பாடு பழையவர்களுக்குத் தெரியும். இன்னும் எடுக்காதவர்கள் பயணத்துக்காகக் காத்திராமல் கிராம சேவகரிடம் போய் விண்ணப்பியுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்றும் இருக்கட்டும். பிரசர், சீனி வருத்தக்காரர்கள் பயண நாட்களுக்கு வேண்டியதைவிட ஒரு வாரத்து மருந்து கூடுதலாகக் கொண்டு போக வேணும். கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவற்றைச் சிறிது காலம் முடக்கினார்கள். ஆகவே முக்கியமான போன் இலக்கங்களைத் தாளில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தோட்டத்தின் பெயர், டிவிசன், அப்பா அம்மாவின் முழுப் பெயர் சொல்லத் தெரிய வேணும். பொலிஸுக்கு 119, அம்புலன்சுக்கு 1990, அனர்த்த உதவிக்கு 117.

வீட்டில் நிற்கும் பாட்டி தாத்தாவையும் மறக்காதீர்கள். அவர்களுக்குச் சாப்பாடு, மருந்து, மாட்டுக்குப் புல்லு யார் பார்ப்பது என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள். கனத்த மழைக்காலத்தில் ஆபத்தான லயமாக இருந்தால், முதியவர்களைத் தனியே விட்டுப் போகவே வேண்டாம்.

போக முடியாவிட்டால்?

போகாமல் நிற்பது தோல்வி அல்ல. ஆனால், "இந்த வருசம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைச் சும்மா விடாதீர்கள். தலவாக்கலைப் பக்கத்தில் சென்கிளயர், டெவோன் நீர்வீழ்ச்சிகள் இருக்கின்றன. பதுளையில் துன்ஹிந்த, அப்புத்தளையில் லிப்டன் சீற், நுவரெலியாவில் சீதையம்மன் கோயில், ஹக்கல பூந்தோட்டம் இருக்கின்றன. வெளிநாட்டார் கப்பலேறி, விமானமேறி இவற்றைப் பார்க்க வருகிறார்கள். பக்கத்து மலையில் வாழும் நம் பிள்ளைகள் பலர் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஒரு நாள் பஸ்ஸில் போய் வாருங்கள். நீர்வீழ்ச்சியில் குளிக்க மட்டும் இறங்க விடாதீர்கள்.

நாட்டு நிலைமை நம் கையில் இல்லை. டீசல் விலையும் நம் கையில் இல்லை. எவ்வளவு செலவழிப்பது, எந்த நாளில் முடிவெடுப்பது, எப்படித் திரும்பி வருவது என்பவை நம் கையில் இருக்கின்றன. அவற்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் போனாலும் நல்லது, நின்றாலும் நல்லது. பயணம் முடிந்து வரும்போது பிள்ளைகள் சொல்லக் கதை இருக்க வேணும், வாசலில் கடன்காரர் இருக்கக் கூடாது.

சந்தேகம் இருந்தால் உங்கள் டிவிசன் நலன்புரி உத்தியோகத்தரிடம் வந்து பேசுங்கள். கணக்குப் போட நாங்களும் உட்காருகிறோம். எல்லோருக்கும் நல்ல லீவு அமையட்டும்.