மேகத்துக்குக் கீழே ஒரு விளக்கு

கலங்கரை விளக்கத்தை எங்கே கட்டலாம் என்று யாரைக் கேட்டாலும், இருப்பதிலேயே உயரமான இடத்தில் என்றுதான் சொல்வார்கள். கணக்கும் அதற்குத் துணை நிற்கும். கடல் மட்டத்திலிருந்து 90 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 34 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். 180 மீட்டருக்கு ஏறினால் அது 48 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகும். அப்படியிருந்தும், கலிஃபோர்னியாவின் பாயிண்ட் ரேயஸ் முனையில் 180 மீட்டர் உயரப் பாறை உச்சி கைவசம் இருக்க, அதை விட்டுவிட்டு, செங்குத்துச் சரிவின் பாதியில் வெடி வைத்துத் தகர்த்து ஒரு மேடை வெட்டி, அங்கே விளக்கை வைத்தார்கள். மேலிருந்து அதைப் பார்க்கப் போகிறவர் 313 படிகள் இறங்க வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடமேற்கே, பசிபிக் கடலுக்குள் 16 கிலோமீட்டர் துருத்திக்கொண்டிருக்கிறது இந்த முனை. 1962-இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டத்தின்படி இது தேசியக் கடற்கரைப் பூங்கா ஆனது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைதான் பராமரிக்கிறது. சனவரியில் சாம்பல் திமிங்கலங்கள் அலாஸ்கா பக்கமிருந்து மெக்சிகோவை நோக்கிக் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போவதைப் படிக்கட்டில் நின்றே பார்க்கலாம். வசந்த காலத்தில் அவை வடக்கே திரும்பும்போது, கன்றோடு வரும் தாய்த் திமிங்கலங்கள் கரையை ஒட்டியே நீந்தும். விளக்குக்குக் கீழே உள்ள பாறைகளில் ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள் முட்டையிடும். இத்தனைக்கும் நடுவில் என்னை இழுப்பது படிக்கட்டின் அடியில் இருக்கும் இயந்திரம்தான். அது என்ன செய்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் அந்தப் பாறைச் சரிவே வேறாகத் தெரியும்.

விளக்கைக் கீழே இறக்கியது மூடுபனி. வசந்தத்திலும் கோடையிலும் இந்தக் கரையை ஒட்டி வடமேற்குக் காற்று விடாமல் வீசும். அந்தக் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். நடுக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தக் குளிர்நீர் மேல் படும்போது அதிலிருக்கும் நீராவி சிறுசிறு துளிகளாகிவிடும். அதற்கும் மேலே வெதுவெதுப்பான உலர்ந்த காற்று மூடி போட்டது மாதிரி உட்கார்ந்திருப்பதால் பனி மேலே கலைந்து போகவும் வழியில்லை. வட அமெரிக்காவிலேயே மூடுபனி மிகுந்த இடங்களில் பாயிண்ட் ரேயஸுக்கு இரண்டாம் இடம் என்கிறது பூங்காத் துறை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், இந்தப் பனி பல நாட்களில் கடலைத் தொடுவதில்லை என்பது. தண்ணீருக்கு மேலே இடைவெளி விட்டு ஒரு பாளமாகத் தொங்கும். பாறையின் உச்சி அந்தப் பாளத்துக்குள் புதைந்திருக்க, நடுச்சரிவிலிருந்து பார்த்தால் கடல் தெளிவாகத் தெரியும். உச்சியில் விளக்கு வைத்திருந்தால் அது இரவு முழுக்க மேகத்துக்குள் எரிந்துகொண்டிருக்கும். 48 கிலோமீட்டர் தொடுவானத்தை விட்டுக்கொடுத்து 34-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். மாலுமி எந்த உயரத்தில் கண்ணை வைத்திருக்கிறானோ அந்த அடுக்குக்கு விளக்கு இறங்கி வந்தது.

இதை எல்லா இடத்திலும் முதலிலேயே யோசித்துவிடவில்லை. அதே கலிஃபோர்னியாவில், சான் டியேகோவின் பாயிண்ட் லோமாவில் 1855-இல் ஏற்றிய விளக்கு கடலிலிருந்து 140 மீட்டர் உயரத்தில் இருந்தது. நல்ல வானிலையில் வெகுதூரம் தெரிந்தது. பனி வந்தால் காணாமல் போனது. 1891-இல் அதை அணைத்துவிட்டு முனையின் அடிவாரத்தில் வேறொன்று கட்டினார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பாயிண்ட் முனை இப்போது டேபிள் மவுண்டன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே 1860-இல் ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் விளக்கு ஏற்றினார்கள். அதுவும் அடிக்கடி மேகத்தில் மறைந்தது. 1911 ஏப்ரலில் லுசிடானியா என்ற போர்ச்சுகீசியப் பயணிகள் கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. அதற்குப் பிறகுதான் 87 மீட்டர் உயரத்தில் புது விளக்கு வந்தது. பழைய கட்டடம் இப்போது காட்சிமேடை. அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் பலரும் அடுத்த முனையில் தாழ்வாக நிற்கும் அந்த இன்னொரு விளக்கைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கப்பல்களுக்கு வழி காட்டியது என்னவோ அதுதான்.

பாயிண்ட் ரேயஸுக்கு வருவோம். விளக்கின் கண்ணாடியும் சுழற்றும் பொறியும் 1867-இல் பிரான்சில் செய்யப்பட்டவை. பனாமா கால்வாய் இல்லாத காலம். ஆகவே அவை தென்னமெரிக்காவின் கடைக்கோடியைச் சுற்றிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தன. அங்கிருந்து இன்னொரு கப்பலில் பக்கத்துக் கடற்கரைக்கு வந்து, மாட்டு வண்டிகளில் ஏறிப் பாறை உச்சியை அடைந்தன. உச்சியிலிருந்து சரிவில் இறக்கிப் பொருத்த ஆறு வாரம் பிடித்தது. பதினாறு பக்கங்கள் கொண்ட வார்ப்பிரும்புக் கோபுரம் அது. பாறையே உயரம் கொடுத்துவிட்டதால் கோபுரம் குட்டையாக இருந்தாலே போதுமானதாக இருந்தது. 1870 டிசம்பர் 1 அன்று விளக்கு எரிந்தது.

இத்தனை பாடுபட்டுக் கொண்டுவரும் அளவுக்கு அந்தக் கண்ணாடியில் என்ன இருக்கிறது?

ஒரு சுடரை ஏற்றி வைத்தால் அதன் வெளிச்சம் எல்லாத் திசையிலும் போகும். வானத்துக்குப் போவதும் தரைக்குப் போவதும் கப்பலுக்கு உதவாது. முன்பெல்லாம் சுடருக்குப் பின்னால் கண்ணாடித் தகடோ வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகடோ வைத்துத் திருப்பிவிடுவார்கள். அதில் பாதி வெளிச்சம் வீணாகும். முலாமும் நாளடைவில் மங்கும். குவிலென்ஸ் வைக்கலாம் என்றால், சுடரின் ஒளியைப் பெருமளவு பிடிக்கும் அளவுக்குப் பெரிய லென்ஸ் நடுவில் மிகத் தடிமனாக இருக்க வேண்டும். அவ்வளவு தடித்த கண்ணாடி ஒளியைத் தானே விழுங்கும். எடையோ சொல்லி மாளாது.

அகஸ்டின் ஃபிரெனல் இந்தச் சிக்கலை அவிழ்த்தார். பிரான்சில் சாலை, பாலம் போடும் அரசுத் துறையில் பொறியாளர். ஒளி ஓர் அலை என்பதைக் கணிதத்தால் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர். காசநோயோடு போராடி 1827-இல் 39 வயதில் இறந்துபோனார். அவர் பார்த்த உண்மை எளிமையானது. கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும்தான் ஒளி வளைகிறது. நடுவில் நேர்கோட்டில் ஓடுகிறது, அவ்வளவுதான். அப்படியென்றால் வேலை செய்வது மேற்பரப்பின் சாய்வு மட்டுமே. நடுவில் இருக்கும் கண்ணாடி வெறும் சுமை. அந்தச் சுமையை எடுத்துவிட்டு, சாய்வுகளை மட்டும் வளையம் வளையமாக ஒரே தளத்தில் அடுக்கினால் தடித்த லென்ஸ் செய்வதை மெல்லிய லென்ஸ் செய்துவிடும். இதே யோசனை 1748-இலேயே பூஃபோனுக்கும் பின்னர் கோந்தோர்சேவுக்கும் தோன்றியிருக்கிறது. அது தெரியாமலேயே ஃபிரெனல் தனியாக அங்கே வந்து சேர்ந்தார். மற்றவர்கள் எழுதிவிட்டுப் போனதை இவர் கண்ணாடித் துண்டுகளாக அறுத்துத் தேய்த்து ஒட்டி, 1823 சூலையில் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏற்றியும் காட்டினார்.

சுடருக்கு நேர் எதிரே உள்ள பகுதிக்கு ஒளிவிலகல் போதும். ஆனால் மிக மேலேயும் மிகக் கீழேயும் போகிற ஒளியை மடக்கிக் கிடைமட்டமாக அனுப்ப வேண்டுமே? அவ்வளவு கூர்மையாக வளைக்க ஒளிவிலகலால் முடியாது. அங்கே முக்கோணப் பட்டகங்கள் வருகின்றன. ஒளி பட்டகத்துக்குள் நுழைந்து, உள்பக்கமிருந்து இன்னொரு முகத்தில் போதிய சாய்வோடு மோதும்போது, துளிகூட வெளியே கசியாமல் முழுவதும் திரும்பிவிடும். பள்ளிப் பாடத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தோமே, அதுதான். பாதரசமும் வேண்டாம், வெள்ளியும் வேண்டாம். மங்குவதற்கு அங்கே முலாமே கிடையாது.

பாயிண்ட் ரேயஸில் இருப்பது முதல் தர லென்ஸ், அதாவது அக்கால அளவுகளில் ஆகப் பெரிய வகை. 1,032 கண்ணாடித் துண்டுகள், பித்தளைச் சட்டங்கள், எல்லாம் சேர்த்து 2,700 கிலோ. ஆள் உயரத்தைத் தாண்டிய கூண்டாக நிற்கும். கிட்டப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு பலகத்தின் நடுவிலும் ஒரு வட்டக் கண். அதைச் சுற்றி வளையங்கள். அவற்றுக்கு மேலும் கீழும் வில்லாக வளைந்த பட்டகங்கள், ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து கொஞ்சம் மாறிய சாய்வில். அந்தச் சாய்வு பிசகினால் அந்தத் துண்டின் ஒளி கப்பலுக்குப் போகாமல் அலையிலோ வானத்திலோ வீணாகும். கணினி இல்லாத காலத்தில் ஒவ்வொரு கோணத்தையும் கையால் கணக்கிட்டு, சக்கரத்தில் தேய்த்து, மெருகேற்றி எடுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

இந்த வகை லென்ஸுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. உள்ளிருந்து ஒளியை வெளியே அனுப்புகிற அதே வழியில் வெயிலை உள்ளே குவிக்கவும் செய்யும். பகலில் சூரிய ஒளி நேராக விழுந்தால் விளக்கே சேதமாகலாம், தீயும் பிடிக்கலாம். அதனால் விடிந்ததும் திரையை இழுத்து மூடுவது காவலர்களின் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

நடுவில் எரிந்த விளக்கு விட்டுவிட்டு எரியவில்லை, நிலையாகவே எரிந்தது. லென்ஸில் 24 பலகங்கள் இருப்பதால் 24 ஒளிக்கற்றைகள், சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி கடல் மேல் நீளும். முழுக் கூண்டும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றும். கப்பலில் இருப்பவர் கண்ணை ஐந்து விநாடிக்கு ஒரு கற்றை கடந்து போகும். அதுதான் இந்த விளக்கின் அடையாளமாக இருந்தது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித் தாளம் உண்டு. மாலுமி விநாடிகளை எண்ணிப் பார்த்து, பட்டியலோடு ஒப்பிட்டு, எந்த முனைக்கு எதிரே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார்.

மின்சாரம் 1938-இல்தான் வந்தது. அதுவரை இந்த 2,700 கிலோவைச் சுற்ற வைத்தது 77 கிலோ எடைக்கட்டி ஒன்று. காவலர் கைப்பிடியைச் சுழற்றி அதை மேலே தூக்குவார். சணல் கயிற்றில் தொங்கும் அந்த எடை தரையில் உள்ள சிறு திறப்பு வழியாகக் கீழே இறங்க முயலும். பற்சக்கரங்கள் அதைச் சட்டென்று விழவிடாமல் பிடித்துப் பிடித்து இறக்கும். ஐந்து மீட்டர் இறங்க 2 மணி 20 நிமிடம். அந்த மெல்லிய இறக்கத்தில்தான் லென்ஸ் சீராகச் சுழலும். எடை அடியைத் தொடுவதற்குள் மறுபடி தூக்கியாக வேண்டும். ஒரு தலைமைக் காவலரும் மூன்று உதவியாளர்களும் ஆறு மணி நேர முறை வைத்து இதைச் செய்தார்கள். திரியை வெட்டிச் சீராக்குவது, கண்ணாடியில் படிந்த கரியைத் துடைப்பது, பித்தளையை மெருகேற்றுவது, பனி கடலையும் மூடிவிட்டால் மணிக்கு 60 கிலோவுக்கு மேல் நிலக்கரி போட்டுச் சங்கை ஊதவைப்பது எல்லாம் அவர்கள் தலையில். காற்று மிஞ்சிய இரவுகளில் படிக்கட்டில் தவழ்ந்துதான் போவார்களாம். இந்தத் தனிமைக்கும் ஓயாத சங்கொலிக்கும் நடுவே 1889-இல் ஓர் உதவியாளருக்குச் சித்தம் கலங்கிவிட்டது. நிலையக் குறிப்பேட்டில் அது ஒரு வரியாகப் பதிவாகியிருக்கிறது. அந்த லென்ஸை வியக்கிற நாம் இந்த மனிதர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

1906 ஏப்ரல் 18, அதிகாலை 5 மணி 12 நிமிடம். சான் பிரான்சிஸ்கோவை நாசமாக்கிய நிலநடுக்கம் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேற்குப் பக்கம் இருக்கும் இந்த முனையை ஒரு நிமிடத்துக்குள் ஐந்தரை மீட்டர் வடக்கே நகர்த்தியது. லென்ஸ் தன் தண்டவாளத்திலிருந்து நழுவியது. கண்ணாடி தப்பியது. அன்று காலை 5:25-க்கு விளக்கை அணைப்பதாக இருந்தது. ஆக, கடலுக்கு வெளிச்சம் இல்லாமல் போனது 13 நிமிடம்தான். அன்று மாலைக்குள் காவலர்கள் அதைத் தூக்கி வைத்துச் சரிசெய்து மறுபடி ஏற்றிவிட்டார்கள்.

1975-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை பக்கத்தில் ஒரு தானியங்கி விளக்கை வைத்துவிட்டு, பழையதைப் பூங்காத் துறையிடம் ஒப்படைத்தது. உப்புக் காற்றில் அரித்துப்போயிருந்த கோபுரத்தையும் லென்ஸையும் பழுது பார்த்து 2019-இல் மீண்டும் திறந்தார்கள். ஃபிரெனலின் யோசனை இன்று பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு மேடை விளக்கிலும் சூரிய அடுப்பிலும் புத்தகக் கடையில் விற்கும் தட்டை உருப்பெருக்கியிலும் இருக்கிறது. அந்த உருப்பெருக்கியின் மேல் விரலை ஓட்டினால் வளையங்கள் நெருடும்.

பாயிண்ட் ரேயஸுக்குப் போகிற வாய்ப்பு யாருக்காவது அமைந்தால் சில விஷயங்கள். வாரத்தின் எல்லா நாளும் படிக்கட்டு திறந்திருக்காது. காற்று மணிக்கு 64 கிலோமீட்டரைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். கோடையிலும் கம்பளிச் சட்டை வேண்டும். இறங்கும்போது பாறையைப் பார்த்துக்கொண்டே போங்கள். கூழாங்கற்கள் பொதிந்த அந்தப் பாறை கடலடியில் உருவானது. வண்டி நிறுத்துமிடத்தில் எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாத அளவுக்குப் பனி மூடியிருந்தால், வந்தது வீண் என்று திரும்பிவிடாதீர்கள். படிக்கட்டு திறந்திருந்தால் இறங்கிப் பாருங்கள்.