காந்தத் துகளுக்கு ஓர் எண்ணெய்ச் சட்டை

பழவேற்காட்டுக் கடற்கரையில் அலை வடிந்த இடத்தில் கறுப்பு மணல் படிந்திருந்தால், ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு அதன்மேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள். கறுப்பு மணிகள் மீசை முளைத்ததுபோல் பையில் ஒட்டிக்கொள்ளும். அவை பெரும்பாலும் மேக்னடைட். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த காந்தக் கல்.

இந்தக் கல்லை நாள்கணக்கில் அரைத்தார் நாசா பொறியாளர் ஸ்டீவ் பேப்பெல். விண்வெளியில் எரிபொருள் தொட்டிக்குள் மிதந்து அலையும், குழாய்க்கு வராது. அதில் காந்தப் பொடியைக் கலந்தால் காந்தத்தாலேயே இழுத்துவிடலாமே! 1963இல் அவர் செய்த காந்தத் திரவம் அதற்காகத்தான். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும்பும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொடி கட்டிதட்டி அடியில் தங்கிவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு துகளுக்கும் ஒலியிக் அமிலத்தால் சட்டை போட்டார். நம் கடலை எண்ணெயிலும் அடங்கியிருக்கிற பொருள்தான் அது.

ஒரு மில்லிமீட்டர் கனசதுர மணியை 10 நானோமீட்டர் கனசதுரத் துண்டுகளாக்கி, அவற்றின் மேற்பரப்பையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் அரைச் சதுர மீட்டருக்கும் மேல் வரும். ஒரே ஒரு மணல் மணிக்குள் ஒரு மேசைப் பலகை! இவ்வளவு சிறிய துகளின் குணம் பெரும்பாலும் அதன் மேற்பரப்பின் கையில்தான்.

அங்கேதான் கதிர்வீச்சு கைவைக்கிறது. துகள்கள் தண்ணீரில் கலந்திருந்தால், காமா கதிர் அந்தத் தண்ணீரை உடைத்து, எதையும் பிடித்துத் தாக்கும் துண்டுகளை உண்டாக்கும். அவை எண்ணெய்ச் சட்டையைக் கிழிக்கும். இரும்பு அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். கறுப்பு மேக்னடைட், மேக்ஹெமைட் என்ற பழுப்பு இரும்பு ஆக்சைடாக மாறத் தொடங்கும். காந்த பலம் சற்றுக் குறையும். சட்டை போன துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே இறங்கிவிடும். கதிர்வீச்சு உள்ள இடத்தில் காந்தத் திரவத்தை வைப்பதற்குமுன் இதைச் சோதித்தே ஆகவேண்டும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: அதே காமா கதிரைக் கொண்டு, துகளின்மேல் புதுச் சட்டையை ஒட்டவைக்கவும் முடிகிறது! எவ்வளவு கதிர், எந்தத் திரவத்தில் என்பதைப் பொறுத்தது அது.

காமா கதிர் நம் வீட்டில் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். கதிர் ஒரு பொருளைச் சிதைப்பதைப் பார்க்க, வெயிலிலுள்ள புற ஊதாக்கதிர் போதும். பழைய நைலான் மீன்வலையில் இரண்டு துண்டு கேட்டு வாங்குங்கள். ஒன்றைக் கூரைமேல் கட்டுங்கள். மற்றதைப் பெட்டிக்குள் வையுங்கள். கோடை முடிந்ததும் இரண்டையும் இழுத்துப் பாருங்கள். எது முதலில் அறுகிறது?